தாசையன் படுத்திருந்த டெரசு அறை

வார்ப்பு நாள்

குளத்தூர்ப் பக்கம் நான் வார்த்துக் கொடுத்த டெரசு எதுவும் இன்றுவரை ஒழுகவில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. ஒழுகாத கூரையெல்லாம் நல்ல கூரை என்று கட்டட வேலைக்கு வரும் பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. அதற்காகத்தான் தாசையன் வீட்டு வேலையை எழுதுகிறேன்.

தாசையன் பனையேறி. நிலக்காரரான கிழக்கு வீட்டுப் பிள்ளையின் விளையில், அவர் தோப்பில், குடிசை போட்டுக் கிடந்தவர். குடிகிடப்புச் சட்டம் வந்தபோது குடிசையும் அதைச் சுற்றி பத்து சென்டும் அவர் பேருக்கு ஆயிற்று. பிறகு ஒரு நாள் பனையிலிருந்து விழுந்தார். இடுப்புக்குக் கீழே அசைவு போய்விட்டது. மகன் செல்வராஜ் அப்போது கல்ஃபில் இருந்தான். அவன் அனுப்பிய பணத்தில்தான் ஓலைக் குடிசையின் முன்பக்கம் ஒட்டி ஒரு கான்கிரீட் அறை எடுத்தோம். அப்பன் படுப்பதற்காக எடுத்த அறை.

வார்ப்பு அன்று தாசையனைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்து பிலாமரத்தின் கீழே போட்டிருந்தோம். பெண்கள் வரிசையாக நின்று கலவைச் சட்டியைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் கீழேயிருந்து ஓயாமல் அதிகாரம் செய்துகொண்டிருந்தார்.

"எலே மக்கா, மூலைக் கம்பிய வெட்டிராதே. மேல நீட்டி விடு. மாடி வருமாக்கும்!"

அந்த வழியாகப் போன கிழக்கு வீட்டுப் பிள்ளை கொஞ்சம் நின்றார். "தாசையா, கொள்ளாமே" என்று மெச்சிவிட்டு நடந்தார். அவர் தலை மறைந்ததும் தாசையன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கேட்டியா மேஸ்திரி? கொள்ளாம்னு சொல்லிட்டுப் போறாரு. எனக்க வீட்டப் பாத்து."

அன்று மத்தியானம் மரச்சீனிக் கிழங்கும் சாளைமீன் கறியும் விளம்பினார்கள். தாசையன் என்னைவிட அதிகமாகத் தின்றார். அந்த வீட்டில் நான் சந்தோஷமாக இருந்தது அந்த ஒரு நாள்தான்.

மீன மாதம்

மழைக்காலம் முழுக்க ஒரு குறையும் சொல்வதற்கில்லை. பங்குனியில் மீன மாத வெயில் தொடங்கியதும் செல்வராஜின் மனைவி புஷ்பம் நான் வேலை செய்யும் இடத்தைத் தேடிக்கொண்டு வந்தாள்.

"மேஸ்திரியண்ணா, ஒரு நடை வந்து பாக்கணும். மாமா கெடந்து துடிக்குது."

உச்சி நேரத்தில் போனேன். வாசலைத் தாண்டியதும் வெக்கை முகத்தில் அடித்தது. அறை சின்னது, உயரமும் குறைவு. அந்தத் தாழ்ந்த உயரத்துக்கு மேலே மொட்டை ஸ்லாப். காலையிலிருந்து குடித்த வெயிலை அது கீழே இறக்கிக்கொண்டிருந்தது. ஃபேன் சுற்றியது, ஆனால் சுட்ட காற்றைத்தான் கலக்கியது. புரண்டு படுக்க முடியாத மனிதரின் முதுகெல்லாம் புண்.

"மேஸ்திரி, பனை உச்சியில வெயில்ல காய்ஞ்சவனாக்கும் நான்," என்றார் தாசையன். "அங்க காத்து உண்டு. இது அடுப்புல கவுத்துன சட்டி மாதிரில்லா இருக்கு."

பகலில் பின்பக்கத்து ஓலைக் குடிசைக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்திருக்கிறார்கள். தூக்கும்போதெல்லாம் புண் உரசி அவர் அலறிய அலறலில் பிள்ளைகள் பயந்துபோய், அதை விட்டுவிட்டார்கள்.

செய்வதற்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் இடித்துப் போட்டு, மேலே தட்டோடு என்ற தட்டை ஓட்டைப் பதிப்பது. காலத்துக்கும் நிற்கும், ஆனால் மாடி எடுக்கும்போது எல்லாவற்றையும் பெயர்க்க வேண்டும். இன்னொன்று, முடைந்த ஓலையை இரண்டு அடுக்காக ஸ்லாப் மேல் விரித்து, கல் வைத்து அமர்த்திவிடுவது. அரைநாள் வேலை. மழை தொடங்கும்போது எடுத்துப் போட்டுவிடலாம். ஓலை போடலாம் என்றேன்.

புஷ்பம் மாமனாரைப் பார்த்தாள். "கல்ஃபுல உள்ள அவிய சம்மதிக்கணுமே," என்றாள்.

"அவனுக்க காசு, அவனுக்க வீடு," என்றார் தாசையன். "அவன்ட்ட கேட்டுட்டுப் போடு மேஸ்திரி."

காசெட்

அந்தக் காலத்தில் கல்ஃபுக்குப் பேச வேண்டுமென்றால் காசெட்டில் பேசிப் பதிந்து, போகிற ஆளிடம் கொடுத்துவிடுவோம். புஷ்பம் பேசினாள். நானும் ஓலைக் காரியத்தைச் சொன்னேன். பதில் காசெட் வருவதற்குள் அந்த வெயில்காலமே முடியப் போயிற்று. டேப் ரிக்கார்டரைத் தாசையனின் கட்டிலில் வைத்து எல்லாரும் சுற்றி இருந்து கேட்டோம்.

"அப்பா, சொகந்தானா? மேஸ்திரி ஓலையப் பத்திக் கேட்டாருல்லா. ஓலை வேண்டாம். நான் சின்னதுல இருக்கும்போ கூரை மேயணும்னா நீங்க பிள்ளைக்க முற்றத்துல போயி நிப்பிய. நம்ம குடிசைக்கு மேல சாஞ்சு கெடந்த தெங்கு, அதுக்க ஓலையையும் கேட்டுத்தான் எடுக்கணும். உங்க கையப் பிடிச்சிட்டு நானும் நிண்ணேன். அந்த ஓலை எனக்க டெரசு மேல ஏறப்பிடாது. தட்டோடும் வேண்டாம். அடுத்த லீவுக்கு வாறேன், மாடி எடுப்போம். மாடி வந்தா கீழ தண்ணெண்ணு ஆயிரும். இங்க நாங்க தகரத்துக்குக் கீழதான் கெடக்கோம் அப்பா. சூடு பழகிரும்."

புஷ்பம் காசெட்டை நிறுத்தினாள். தாசையன் ஸ்லாப்பைப் பார்த்தபடி கிடந்தார்.

"பாவம், தகரத்துக்குக் கீழ கெடக்கான்," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "இனி ஓலைக் காரியம் பேசப்பிடாது, மேஸ்திரி," என்றார்.

எனக்கு வந்த கோபத்தை யார் மேல் காட்டுவதென்று தெரியவில்லை. அவன் சொன்னதில் ஒரு வார்த்தையாவது பொய்யா? அவன் அப்பனை நினைக்காதவனா? நினைத்து நினைத்துத்தான் அப்படிப் பேசினான். அதைக் கேட்டுக்கொண்டு நான் என்னத்தைச் செய்வது?

ஐஸ்

அடுத்த லீவு தள்ளிப்போயிற்று. மாடி வரவில்லை, மீன மாதம் மட்டும் தவறாமல் வந்தது. புஷ்பம் ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போர்த்தினாள், தரையில் தண்ணீரைக் கொட்டினாள். ஒரு மத்தியானம் அவள் கிணற்றடியிலிருந்து குடத்தோடு வந்தபோது தாசையன் போய்விட்டிருந்தார்.

தந்தி அடித்தோம். நான் வரும்வரை அப்பாவை வைத்திருங்கள் என்று செல்வராஜிடமிருந்து பதில் வந்தது. கடற்புரத்தில் மீனுக்குப் போடும் ஐஸ் கட்டியை வாங்கி வந்து கட்டிலைச் சுற்றி அடுக்கினோம். அந்த அறையில் ஐஸ் என்ன செய்யும்? வைக்க வைக்கத் தண்ணீராய் ஓடிற்று. வாடை அடிக்கத் தொடங்கியது. இனி வைக்க முடியாது, அடக்கிவிடலாம் என்று சர்ச்சு சபைக்காரர்கள் எழுந்தார்கள்.

"மாமாக்க முகத்த அவிய பாக்கணும்," என்று புஷ்பம் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டாள்.

மேலே ஓலை போடுவோம் என்றேன். இந்தத் தடவை யாருமே வேண்டாம் என்று சொல்லவில்லை.

சுற்று வட்டாரத்தில் முடைந்த ஓலை கட்டுக்கட்டாகக் கிடந்தது பிள்ளை வீட்டுச் சாய்ப்புக் கொட்டகையில்தான். நான்தான் போனேன். போய் முற்றத்தில் நின்றபோதுதான் எங்கே நிற்கிறேன் என்பது உறைத்தது. பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எடுத்துக்கிடும் மேஸ்திரி. இதுக்குப் போய் கேட்டுட்டு நிக்கணுமா?" என்றார்.

இரண்டு அடுக்காக விரித்தோம். குடம் குடமாகத் தண்ணீர் மொண்டு ஊற்றினோம். சாயங்காலம் உள்ளே போனேன். அறை தண்ணென்று இருந்தது. ஐஸ் கட்டி வைத்தது வைத்தபடி நின்றது. தாசையனின் கால்மாட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். இவ்வளவுதானே வேலை! அரைநாள் வேலை!

செல்வராஜ் மறுநாள் காலையில் வந்தான். முன்னால் போட்டிருந்த பந்தல் மறைத்ததால் டெரசு அவன் கண்ணில் படவில்லை. அப்பனின் நெஞ்சில் முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் கிடந்தான். பிறகு எழுந்து, சுற்றிலும் பார்த்தான்.

"அறை நல்ல தண்ணெண்ணுதானே இருக்கு, மேஸ்திரி," என்றான். "அப்பா சூடுண்ணு சொன்னது எதுக்கு?"

புஷ்பம்தான் பேசினாள்.

"மேல ஓலை கெடக்கு. அதாக்கும்."

அவன் வெளியே போனான். பந்தலைத் தாண்டி நின்று மேலே பார்த்தான். திரும்பி வந்து சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தவன், அடக்கத்துக்குத் தூக்கும்போதுதான் எழுந்தான். இவனுக்கு விளங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் ஜெபம் முடிந்ததும் என்னைத் தனியே கூப்பிட்டான். அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"மேஸ்திரி, அந்த ஓலைய எடுத்துப் போட்டிரணும். ஆளுக வந்து போற வீடு." பின்பக்கம் கையைக் காட்டி, "புஷ்பமும் பிள்ளைகளும் இனி இந்த அறையில கெடக்கட்டும். ஓலைக் குடிசைய இடிச்சிருவோம்," என்றான்.

புஷ்பம் கதவுப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. அவன் காசு, அவன் வீடு. ஓலையைக் கட்டிப் பிள்ளையின் சாய்ப்பில் திரும்பக் கொண்டுபோய்ப் போட்டேன்.

மாடி கடைசிவரை வரவில்லை. தாசையன் நீட்டிவிடச் சொன்ன கம்பிகள் நான்கு மூலையிலும் துருப்பிடித்து இன்றும் நிற்கின்றன. அதற்குப் பிறகு எத்தனையோ கல்ஃப்காரர்களுக்கு வார்த்துக் கொடுத்தேன். வார்த்து முடிந்த அறையில் ஒரு மத்தியானம் படுத்துப் பார்த்துவிட்டு மேலே என்ன போடுவதென்று சொல்லுங்கள் என்று எல்லாரிடமும் கேட்டிருக்கிறேன். சிரித்துவிட்டுப் போனார்களே தவிர, ஒருவரும் படுக்கவில்லை.

வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பது இதுதான். கீழே ஒரு ஆள் வெந்துகொண்டு கிடந்தால் மேலே போடுவதற்கு யாருடைய சம்மதத்துக்கும் காத்திருக்காதீர்கள். ஏறி ஓலையைப் போட்டுவிடுங்கள். வீட்டுக்காரன் திட்டுவான், கூலியைக்கூடப் பிடிப்பான். திட்டு வாங்கி யாரும் சாகமாட்டார்கள்.