அடித்த வரி

"லென்ஸ்ல தூசு இருந்திருக்கும்மா" என்று சொல்லிவிட்டு, எங்கள் வானம் பார்க்கும் குழுவின் பட்டியலிலிருந்து என் வரியை அடித்துவிட்டார், பட்டியலைக் கவனித்துக்கொள்ளும் ஓய்வுபெற்ற இன்ஜினியர். ஓசூரில் என் மொட்டைமாடியிலிருந்து ஒரு குட்டி நெபுலாவைப் பார்த்தேன் என்று நான் எழுதியிருந்த வரி அது. செத்துக்கொண்டிருக்கும் நட்சத்திரம் உதறிப்போட்ட வாயு. சின்ன டெலஸ்கோப்பில் பக்கத்து நட்சத்திரம் மாதிரியே ஒரு புள்ளியாகத்தான் தெரியும். தொழிற்பேட்டை வெளிச்சத்தில் அது தெரியவே தெரியாதாம். "இருட்டான தளி கிராமத்துல இருந்து பாத்தப்பவே எனக்கு மங்கலாத்தான் இருந்துச்சு" என்று ஆறுதல் வேறு.

எனக்கு வந்ததே கோபம்! பேரிங் வளையத்தில் மயிரிழைக் கீறலைக் கண்டுபிடித்துக் கழித்துப்போடத்தான் பதினோரு வருடமாக எனக்குச் சம்பளம். தூசு எது, கீறல் எது என்று தெரியாத கண்ணா இது? "ஞாயித்துக்கிழமை ஏழு மணிக்கு வீட்டுக்கு வாங்க சார்" என்றேன்.

வந்தார். எங்கள் ஃபேக்டரியில் இன்ஸ்பெக்டர்களுக்கு ஒரு சோதனை உண்டு. நல்ல வளையத்தையும் கழிவையும் கலந்து, எது எதென்று சொல்லாமல் நீட்டுவார்கள். தப்பாகச் சொன்னால் வேறு வேலைக்கு மாற்றிவிடுவார்கள். அதே சோதனையை எனக்கு வைக்கச் சொல்லி அவரிடம் கேட்டேன்.

"ஸ்டார் மேப்பைப் பாத்து டெலஸ்கோப்பை நீங்களே திருப்புங்க சார். நெபுலா இருக்கற எடத்துலயும் வைங்க, இல்லாத எடத்துலயும் வைங்க. எதுன்னு சொல்லாதீங்க. ஒண்ணு தப்பினாலும் டெலஸ்கோப்பை இன்னிக்கே வித்துடறேன்."

வாயை விட்டுவிட்டேன். இனி பின்வாங்க முடியாது.

ஐந்து முறை வைத்தார். ஒவ்வொரு முறையும் கண்ணுக்கும், பார்க்கும் முனையில் இருக்கும் ஐபீஸுக்கும் நடுவே, நெபுலாவின் ஒளியை மட்டும் விடும் ஃபில்டர் கண்ணாடியை நுழைத்து எடுத்தேன். ஃபில்டர் வந்ததும் நட்சத்திரங்கள் மங்கிவிடும். நெபுலா மட்டும் மங்காமல் நிற்கும்.

"இருக்கு." "இல்ல." "இல்ல." நான்காவதில் ஃபில்டரை மறுபடியும் நுழைத்தேன். இரண்டு தடவை மூச்சை அடக்கிப் பார்த்தேன். "இருக்கு சார், எடது ஓரமா." ஐந்தாவது, "இல்ல."

அவர் டெலஸ்கோப்பை நெபுலாவுக்குத் திருப்பி, என் கையிலிருந்து ஃபில்டரை வாங்கித் தானே குனிந்தார்.

"அட! ஆமாம்மா, அஞ்சும் சரி. இன்னிக்குத் தேதி போட்டு, ரெண்டு பேரும் பாத்தோம்னு எழுதிடறேன்." பெரிய மனதுடன் போனில் பட்டியலைத் திறந்தார்.

"இன்னிக்கு நீங்க பாத்தீங்க சார், உங்க வரியைத் தனியா போட்டுக்குங்க. நான் பாத்தது போன செவ்வாய்க்கிழமை. அடிச்ச வரியை அப்படியே திரும்பப் போடுங்க."

போட்டார். தேதி சரியாக இருக்கிறதா என்று பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுத்தான் அவருக்குக் காபி கலக்கப் போனேன்.