கைக்கு இடம்

"தள்ளாதீங்க! நான் என்ன காய்கறி வண்டியா?"

ஏரிக்குப் போகும் பாதையில் ஞாயிறு காலை இந்தக் குரல் கேட்டால் டைலரம்மா வந்துவிட்டார் என்று அர்த்தம். அவருடைய சக்கர நாற்காலி வழக்கம்போல் சரளைக்கல்லில் புதைந்து நிற்கும். "தூக்கிடலாம்க்கா" என்று நாலு பேர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஓடி வருவார்கள். அந்த ஒரு சொல்தான் அவருக்கு வேப்பங்காய். "என்னைத் தூக்காதீங்கப்பா, கல்லைத் தூக்குங்க!" என்று சீறுவார். உதவ வந்தவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டு போவார்கள்.

லாரி மோதிக் கால்கள் ஓய்ந்த பிறகும் தையலை அவர் விடவில்லை. கரண்ட் மிஷினின் பெடலை மேஜை மேல் ஏற்றி, முழங்கையால் அழுத்தித் தைக்கிறார். வாயில் குண்டூசிகளைக் கடித்தபடியே பேரம் பேசுவார். எதிரே நிற்பவர்தான் ஓரடி பின்னால் நகர்ந்துகொள்வார்.

கணவர் சாது. வாரம் தவறாமல் ஏரிவரை நடந்து போய், செல்போனில் படம் எடுத்து வந்து நீட்டுவார். "நேர்ல பார்த்த மாதிரியே இருக்கு பாரும்மா."

"அப்படியா? நாளைலேருந்து சாப்பாட்டையும் போட்டோவுல பார்த்துக்கோங்க."

அந்தத் தண்ணீர் ஓரத்துக்குத் தன் கையாலேயே உருட்டிக்கொண்டு போய் நிற்க வேண்டும். அவர் கேட்பது அவ்வளவுதான். அதற்காக ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. ஏறி இறங்குவது என்பது சும்மா பேச்சுக்கு. எல்லா அலுவலகத்திலும் வாசலில் படி இருந்தது; இவர் கீழே நின்று கத்தினார்.

கடைசியில் பாதைக்கு சிமெண்ட் போட்டார்கள். மோட்டார் பைக் நுழையாமலிருக்க முகப்பில் இரண்டு இரும்புக் கம்பங்களையும் நட்டார்கள். நடும் முன் பொறியாளர் பொறுப்பாகப் போன் செய்து நாற்காலியின் அகலத்தைக் கேட்டார். "சக்கரத்துக்குச் சக்கரம் இருபத்தாறு அங்குலம். நூல் பிசகாது!" என்றார் டைலரம்மா, பெருமை பொங்க.

திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டியதும் முதல் ஆளாக இவரைத்தான் விட்டார்கள். நாற்காலி கம்பங்களுக்கு நடுவே கச்சிதமாக நுழைந்தது. சக்கரத்தைப் பிடித்திருந்த கைகள் நுழையவில்லை. விரல் முட்டிகளில் தோல் உரிந்தது.

"கண்ணை எங்கய்யா வச்சிருந்தீங்க?"

"நீங்க சொன்ன அளவுதாங்கம்மா," என்றார் பொறியாளர் பாவமாக.

பின்னால் நின்ற நாத்தனார் மெதுவாக, "அண்ணி, லூஸ் விடலையே," என்றாள். தையல் பழகும்போது லூஸ் விடாமல் உடம்பளவுக்கே துணியை வெட்டிவிட்டு அண்ணியிடம் தினம் தினம் திட்டு வாங்குகிறவள் அவள். டைலரம்மாவுக்கு முகம் சுருங்கிப்போனது. ஊரையே திட்டிப் பழகிய வாய்க்குத் தன்னைத் திட்டத் தெரியவில்லை. எதிரே தண்ணீர் பளபளத்தது.

"கையை மடியில வச்சுக்கோம்மா, நான் தள்ளிடறேன்," என்றார் கணவர். நாலு பேர் சட்டைக் கையை மடிக்கத் தொடங்கினார்கள்.

"பின்னால எல்லாரும் காத்திருக்காங்க. கொஞ்சம் வழி விடுங்கம்மா," என்றார் பொறியாளர்.

டைலரம்மா நாற்காலியை ஒரு சாண் பின்னுக்கு இழுத்தார். வழியை அடைத்தபடி இரண்டு பிரேக்கையும் போட்டார்.

"நான் சொன்ன அளவு தப்பு. இப்ப எடுங்க."

கைகளைச் சக்கரங்களின் மேல் வைத்து, உருட்டுவதுபோல் விரித்துப் பிடித்துக்கொண்டார். முழங்கைகள் இரண்டும் கம்பங்களின் இடைவெளியைத் தாண்டி வெளியே நின்றன.