நடு ஆற்றில் மூழ்கிய கல்

சென்ற கோடையில் லண்டனிலிருந்து மலிவுக் கோச் பஸ்ஸில் நானும் கணவரும் யோர்க்‌ஷயர் மலைப் பள்ளத்தாக்கு ஒன்றுக்குப் போயிருந்தோம். திரும்பும்போது கடைசி பஸ்ஸை ஆற்றின் அக்கரையில் பிடிக்க வேண்டும். பாலம் வழியாகச் சுற்றிப் போக நேரமில்லை.

"கல்லுகளுக்கு மேலால கடப்பம், வாரும்," என்றார் அவர். ஆற்றின் குறுக்கே மிதிகற்கள் வரிசையாக இருந்தன. எங்களுக்கு மேலே நல்ல வெயில். தூரத்து மலை கறுத்திருந்ததை நான் பொருட்படுத்தவில்லை.

பாதி தூரத்தில் தண்ணீர் திடீரெனக் கலங்கி ஏறியது. எனக்கு அடுத்த கல் கண்முன்னே மூழ்கியது.

"என்னால ஏலாதப்பா!" என்று அலறினேன்.

முன்னால் போனவர் தண்ணீருக்குள் தடவித் தடவித் திரும்பி வந்தார். "பஸ் போகட்டும். பையை விட்டிட்டு என்ர கையைப் பிடியும்."

பையை ஆறு கொண்டுபோனது. முழங்காலை இழுக்கும் வெள்ளத்தில், காலால் கல்லைத் தேடித் தேடிப் புறப்பட்ட கரைக்கே வந்தோம். திரும்பிப் பார்த்தால் ஒரு கல்லும் தெரியவில்லை.

மலையில் மழை பெய்தால் வெயிலிலும் இங்கே வெள்ளம் வரும் என்று, எங்களைத் தன் வண்டியில் ஏற்றிய பண்ணைக்காரப் பெண் சொன்னார். இப்போதெல்லாம் அந்தந்த ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்காமல் எந்த ஆற்றிலும் நான் கால் வைப்பதில்லை.