குல்லாவைக் கழற்றிய நாள்

2006-ஆம் வருடம், அக்டோபர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. அப்போது நான் கொடைக்கானல் பக்கம் பெருமாள்மலையில் குடியிருந்தேன். பக்கத்து ஊர் அரசுப் பள்ளியில் அறிவியல் வாத்தியார். வீட்டில் நானும் பிளஸ் ஒன் படிக்கும் என் மகளும் மட்டும்தான். அவளுடைய அம்மா அதற்கு முந்தைய வருடம் புற்றுநோயில் இறந்துபோயிருந்தாள்.

அந்தச் சனிக்கிழமையைச் சொல்வதற்கு முன்னால் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லியாக வேண்டும். மனைவி மதுரையில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் பழனி முருகனுக்கு நேர்ந்துகொண்டேன். அவள் பிழைத்து வந்தால் மகளின் முடியை முழுசாகக் கொடுக்கிறேன் என்று. இடுப்பைத் தாண்டித் தொங்கும் முடி. அவள் அம்மா தினமும் எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டு வளர்த்த முடி. என்னுடையதை நேர்ந்துகொள்ளத் தோன்றவில்லை, பாதித் தலை வழுக்கை. சாமிக்குக் கொடுத்தால் பெரிதாகக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். வகுப்பில் அறிவியல் நடத்துகிறவன்தான். பயம் வந்தால் அதெல்லாம் எங்கே நிற்கிறது!

மனைவி பிழைக்கவில்லை. நேர்த்திக்கடன் அதோடு போயிற்று என்றுதான் நினைத்தேன். ஆனால் தலைத்திதி முடிந்ததும் பாலசமுத்திரத்திலிருந்து வந்த மனைவியின் அக்கா, "நேந்தது நேந்ததுதான் தம்பி. குடுக்காம விட்டா அது பிள்ளை தலையில வந்து விடியும்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. மிச்சம் இருப்பது ஒரே ஒரு பிள்ளை.

மகளிடம் சொன்னேன். "உங்க இஷ்டம்ப்பா" என்றாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

பழனியில் முடி எடுக்கும் இடத்தில் அந்தப் பெரியவர் கத்தியைத் தீட்டியபடி அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்னிடம், "வயசுப் புள்ளையா இருக்கு. பூமுடி குடுத்தாப் போதும் சார். நுனியில மூணு கத்தரி, சாமி ஏத்துக்குவாரு" என்றார். மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. நான், "இல்லீங்க, முழுசா நேந்திருக்கேன்" என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மொட்டைத் தலையில் சந்தனம் பூசி மலைமேல் போய்க் கும்பிட்டுவிட்டு வீடு வந்தோம். அன்று போட்ட கம்பளிக் குல்லாவை அவள் கழற்றவே இல்லை. எங்கள் ஊர்க் குளிருக்குக் குல்லா யார் கண்ணையும் உறுத்தாது. வகுப்பில் குல்லா, சாப்பிடும்போது குல்லா, தூங்கும்போதும் குல்லா. பேச்சும் குறைந்துபோனது. "சாப்பாடு இருக்கு", "கதவைச் சாத்திக்கோங்க", அவ்வளவுதான். மூன்று மாதம் இப்படி.

அந்தச் சனிக்கிழமை காலை வெள்ளனே ட்யூஷனுக்கு என்று கிளம்பிப் போனாள். பதினோரு மணிக்குத் தூறல் போட்டது. குடையைக் கொடுத்துவிட்டு வரலாம் என்று போனேன். ட்யூஷன் ஆசிரியரின் வீட்டம்மா, "இன்னைக்கு லீவுன்னு போன வாரமே சொல்லிட்டாரே சார்" என்றார். முக்கில் டீக்கடைக்காரரிடம் கேட்டேன். "பாப்பா காலையிலேயே கொடைக்கானல் பஸ் ஏறுச்சே" என்றார்.

குடையை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன். காரணம், இரண்டு நாள் முன்னால் அவள் கேட்ட ஒரு கேள்வி. "அப்பா, வட்டக்கானலுக்குக் கீழ ஒரு பாறைக்கு அம்மாவோட போனோமே, அங்க ஒரு தடவை போலாமா?" மூன்று மாதத்தில் அவளாகப் பேசிய ஒரே நீளமான வாக்கியம். பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருந்த நான் நிமிராமலே, "இந்த மழையிலயா?" என்று சொல்லி முடித்துவிட்டேன். அந்தப் பாறைக்கு அப்பால் வெறும் பள்ளம்.

ஒரு ஜீப்பைப் பிடித்து நேராக, கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலுக்குப் போனேன். கீழே இறங்கும் பாதை முழுக்க மூடுபனி. வேர்களில் இடறி, சேற்றில் இரண்டு முறை விழுந்து, அவள் பெயரைக் கத்திக்கொண்டே பாறை வரை போனேன். யாரும் இல்லை. விளிம்பில் படுத்துக் கீழே எட்டிப் பார்த்தேன். வெள்ளையாகப் பனி மட்டும்தான் தெரிந்தது. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேன் என்று தெரியாது. என்னைத் தேடிக்கொண்டு இறங்கி வந்த ஜீப்காரர்தான் தோளைப் பிடித்துத் தூக்கினார்.

"சார், ஸ்கூல் கிரவுண்டுல இன்னைக்கு ராஜா காலத்துச் சந்தை. டவுன்ல இருக்கிற சின்னஞ்சிறுசு பூரா அங்கதான் கெடக்கு. அங்க ஒரு எட்டு பாத்துட்டு அப்புறம் போலீசுக்குப் போவோம். வெரசா எந்திரிங்க."

கொடைக்கானலில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் வருடத்துக்கு ஒருநாள் அப்படி ஒரு சந்தை வைப்பார்கள். நானூறு ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய ஐரோப்பா மாதிரி மைதானத்தை மாற்றிவிடுவார்கள். ராஜா, ராணி, கொல்லன், கோமாளி, போர்வீரன் என்று எல்லோரும் வேஷம் போட்டிருப்பார்கள். ஊர்ப் பிள்ளைகளும் போய் அங்கேயே உடை வாங்கி மாட்டிக்கொள்ளலாம். நான் அதற்கு முன் போனதில்லை.

உடம்பெல்லாம் சேறோடு உள்ளே நுழைந்தேன். யாரோ ஒரு கோமாளி என்னைப் பார்த்து, "சூப்பர் வேஷம் அங்கிள்!" என்றான். நான் கம்பளிக் குல்லாவைத் தேடினேன். எங்கும் இல்லை. அட்டையில் வெள்ளித்தாள் ஒட்டிய கவசமும் கக்கத்தில் இடுக்கிய தலைக்கவசமும் மரக்கத்தியுமாக ஒரு போர்வீரன் முதுகைக் காட்டி நின்று விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தான். ஒட்ட வெட்டிய முடி. அவன் தோளைத் தொட்டு, "தம்பி, நீலக் குல்லா போட்ட ஒரு பொண்ணைப் பாத்தியாப்பா?" என்று கேட்டேன்.

திரும்பியது என் மகள்.

பெற்ற பிள்ளையை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவள் சிரித்தே ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது, சிரிப்பை மறந்துவிட்டேன். குல்லாவுக்குள் முடி இரண்டு விரல் உயரம் வளர்ந்திருந்ததும் எனக்குத் தெரியாது.

அவள் பக்கத்தில் ஜன்னல் திரையைப் போர்வையாகப் போட்டுக்கொண்டு ஒரு பையன், அவளைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவன். அவன் ஒரு கையில் அவளுடைய குல்லா. இன்னொரு கையில் அவள் கை.

அப்போது நான் செய்தது எனக்கே அவமானம். உயிரோடு இருக்கிறாளே என்று கட்டிக்கொள்ளவில்லை. குல்லாவைப் பிடுங்கி அவள் தலையில் மாட்டிக் காது வரை இழுத்துவிட்டேன். "இப்படியா நாலு பேர் முன்னாடி நிப்ப?" என்று கத்தினேன். சுற்றிலும் ராஜாக்களும் ராணிகளும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"சார், ஏசாதீங்க சார்" என்றான் அந்தப் பையன். இலங்கையிலிருந்து வந்து எஸ்டேட்டில் வேலை செய்யும் குடும்பம், பாலிடெக்னிக்கில் படிக்கிறான், பஸ்ஸில் பழக்கம் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். "நான்தான் வரச் சொன்னேன். கவசமெல்லாம் நான் செஞ்சது. தலைக்கவசம் இவங்க தலைக்குத்தான் சரியா உக்காருது, மத்த பொண்ணுங்களுக்குக் கொண்டை இடிக்குதுன்னேன். சிரிச்சுட்டாங்க. அவங்களாவே குல்லாவைக் கழட்டிட்டாங்க சார்."

மகள் அழவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

"மொட்டை போட்டது நீங்கதானப்பா. இப்ப ஏன் மூடுறீங்க? அது அம்மா கை பட்ட முடிப்பா. அம்மாவுக்கப்புறம் எங்கிட்ட அது ஒண்ணுதான் இருந்துச்சு. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

பக்கத்தில் கிடந்த வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் என் சட்டையையும் முழங்காலையும் அவள் கவனித்தாள். "எங்கப்பா போனீங்க?" என்றாள். "பாறைக்கு" என்றேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. முகம் வெளுத்துப்போனது. "அய்யோ அப்பா... நான் அதுக்குக் கேக்கலப்பா. அம்மா ஞாபகமா சும்மா போகலாம்னுதான்..." என்று என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அட்டைக் கவசம் மடங்கி என் விலாவில் குத்தியது.

ஒலிபெருக்கியில் கத்திச் சண்டைக்கு அழைத்தார்கள். அவள் எழுந்து, "எங்க முறை. பாத்துட்டுப் போறீங்களா, இல்ல இப்பவே கூட்டிட்டுப் போறீங்களா?" என்று கேட்டாள். நான் எழுந்து அவள் தலையிலிருந்து குல்லாவைக் கழற்றி என் பையில் வைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் முடிந்தது.

சண்டையில் அவள் ஜெயித்தாள். அந்தப் பையன் வேண்டுமென்றே தோற்றான் என்பது எனக்கே தெரிந்தது.

திரும்பும் பஸ்ஸில், "உன்னைக் கேட்டிருக்கணும்மா" என்றேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே சொன்னாள்: "கேட்டிருந்தா பூமுடி குடுத்திருப்பேன். இல்ல, அம்மாவுக்காக முழுசாவே குடுத்திருப்பேனோ என்னமோ. தெரியலப்பா." மறுவாரம் மழை விட்டதும் இருவரும் அந்தப் பாறைக்குப் போய்வந்தோம்.

அந்தப் பையன்தான் இன்று என் மருமகன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. ஒன்றரை வருடம் பழகினார்கள், வீட்டுக்கு வருவான், நான் டீ போட்டுக் கொடுப்பேன், உள்ளுக்குள் பயந்துகொண்டே. பிறகு அவன் வேலைக்கு வெளியூர் போனான், இவள் கோயம்புத்தூரில் கல்லூரிக்குப் போனாள், கடிதம் குறைந்தது. பிரிந்தபோது அழுதாள். ஆனால் என் முன்னால் உட்கார்ந்து அழுதாள். முடியை அவள் மறுபடி வளர்க்கவே இல்லை. "எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு" என்கிறாள். கண்ணாடி முன்னால் நின்று தானே சீப்பால் ஒரே இழுப்பு, முடிந்தது.

நீலக் குல்லா இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. பழனிக்குப் போகும்போதெல்லாம் முடி எடுக்கும் இடத்தில் என்னையறியாமல் நின்றுவிடுகிறேன். கத்திக்குக் கீழே குனிந்திருக்கும் ஒவ்வொரு பெண்பிள்ளையின் முகத்திலும், உன்னை யாராவது கேட்டார்களா அம்மா என்றுதான் இன்றும் தேடிக்கொண்டிருக்கிறேன்.