ஒரே பெயரில் இரண்டு தாய்மாமன்கள்

கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை என்றால் எங்கள் ஊர் கம்பத்தில் பாதிப் பேர் என்னிடம் பிரிண்டர் ரிப்பேருக்கு வருவார்கள். உண்மையில் நான் செய்து வைத்திருப்பது ஒரு சின்னக் கருவி. படம், பொத்தான் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினால் ஓடும். ஒவ்வொரு மென்பொருளோடும் ஒரு விவரக்குறிப்பு வரும்: பெயர் என்ன, எழுதியவர்கள் யார், இது ஓட வேறு எது கட்டாயம் வேண்டும். இதை ஆளுக்கொரு விதமாக எழுதித் தொலைப்பார்கள். என் கருவி எந்த விதத்தில் கொடுத்தாலும் படித்து, கேட்ட விதத்தில் மாற்றித் தரும். ஒரே ஆள் இரண்டு தடவை வந்திருந்தால் ஒன்றை எடுத்துவிடும். அதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

மகளுக்குக் காதுகுத்து வைத்தோம். பத்திரிகையில் போட வேண்டிய பெயர்களை மாமனார் வாட்ஸ்அப்பில் அனுப்பினார், வீட்டுக்காரர் எக்செல்லில் கொடுத்தார். அச்சகத்தில், "ஒரே ஃபைலா குடுங்கக்கா" என்றார்கள். வேறு யாராவது என்றால் உட்கார்ந்து கையால் தட்டியிருப்பார்கள். எனக்குத்தான் கொழுப்பாயிற்றே! காதுகுத்தையே ஒரு மென்பொருளாக எழுதினேன். எழுதியவர்கள் இடத்தில் சொந்தபந்தம். கட்டாயத் தேவை என்ற இடத்தில் தாய்மாமன். அவர் மடியில் வைக்காமல் எங்கள் பக்கம் பிள்ளைக்குக் காது குத்த மாட்டார்கள். கருவி படித்துவிட்டு, எல்லாம் சரி என்றது. அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.

சரியாவது மண்ணாவது. எங்கள் அப்பாவும் பெரியப்பாவும் ஆளுக்கொரு மகனுக்குத் தாத்தா பெயரையே வைத்தவர்கள். இனிஷியலும் ஒன்று, இருவருக்கும் ஊர் தேவதானப்பட்டி. கருவி இருவரையும் ஒரே ஆள் என்று முடிவு கட்டி, ஒரு தாய்மாமனைத் தூக்கிவிட்டது.

பத்திரிகை போய்ச் சேர்ந்ததும் கூடப்பிறந்த அண்ணன் போன் செய்தார்.

"ஏத்தா, பெரியப்பா மகன் பேரப் போட்டுருக்க. நான் என்ன செத்தா போயிட்டேன்?"

சாயங்காலம் பெரியப்பா மகன்.

"உன் அண்ணன் பேரு மட்டும் இருக்கு. நான் ஒண்ணுவிட்டவன்தான, என் நெனப்பு எதுக்கு வரப்போகுது?"

இருந்த ஒரு பெயரையும் தன் பெயர் என்று எடுத்துக்கொள்ள இருவருக்கும் மனசு வரவில்லை. கோபப்படுவதற்கு மட்டும் அவ்வளவு வேகம்! பிள்ளை பிறந்ததிலிருந்து என் மடி, என் மடி என்று சொல்லித் திரிந்த சொந்த அண்ணனே வரமாட்டேன் என்றதும் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"மாமன்காரக ரெண்டு பேரும் வரமாட்டோம்னுட்டாக. உன் மிஷின் மடியில வச்சுக் குத்திக்க" என்றாள் அம்மா.

மிஷின் உங்களை ஒரே ஆள் என்று நினைத்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அதற்கு வேறு ஒரு சண்டை. அதனால் இருவருக்கும் தனித்தனியாக ஒரே பொய்யைச் சொன்னேன். "அண்ணே, அது உங்க பேருதாண்ணே. விட்டுப்போனது அவுக பேரு. பாவம், அவுககிட்ட கேட்டுறாதீக."

குச்சனூர் போகிற வழியில் இருக்கும் குலசாமி கோயிலுக்கு இருவரும் சிரித்த முகமாக வந்து இறங்கினார்கள். சீர்த்தட்டுக்குக் குறைவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்த பார்வையில் அப்படி ஒரு இரக்கம்! என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆசாரி ஊசியோடு உட்கார்ந்தார். மாமன் வரட்டும் என்றார்.

"நீயே வச்சுக்கப்பா" என்றார் அண்ணன்.

"இல்லல்ல, நீ உக்காரு" என்றார் பெரியப்பா மகன்.

"நல்ல நேரம் போகுதுய்யா" என்று ஆசாரி சத்தம் போட்டார். அண்ணன் பிள்ளையைத் தூக்கி உச்சி முகர்ந்து, பெரியப்பா மகன் மடியில் உட்காரவைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏண்ணே?" என்றேன்.

"பத்திரிகையிலதான் அவன் பேரு இல்ல. மடியாச்சும் கெடைக்கட்டும்த்தா" என்று காதோடு சொன்னார்.

ஊசி இறங்கியது. பிள்ளை, "மாமா" என்று அண்ணனைப் பார்த்துக் கையை நீட்டி வீறிட்டது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் தேம்பித் தேம்பி அழுதேன். பக்கத்தில் நின்றவர்கள் கேட்டதற்கு, பிள்ளைக்கு வலிப்பதைப் பார்க்க முடியவில்லை என்று சொன்னேன்.