மூப்பருக்குத் தனிக் கருத்து இல்லை

"ரீச்சர், மூப்பர் மோசம் போட்டார்" என்று எங்கள் பங்கின் அருள்தாசன் தொலைபேசியில் சொன்னபோது, சாவு எப்படி, எப்போது என்று நான் கேட்கவில்லை. மகளுக்கு அறிவித்தாயிற்றா என்றுதான் கேட்டேன். சொல்லியாயிற்று, வருவாளோ தெரியாது என்றார். கனடாவின் எட்மண்டனில், எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் மாதம் ஒருமுறை நடந்த தமிழ்ப் பூசைக்கு வந்தவர்களுக்கு, அந்தக் கேள்வி ஏன் முந்தியது என்று விளங்கும்.

மரியநாயகம் அண்ணை, பங்குச்சுவாமியிடம் எங்கள் சார்பில் பேச நாங்களே தெரிந்தெடுத்த மூப்பர். பேக்கரியில் இரவு ஷிப்ட் முடித்து, மாவு படிந்த சப்பாத்தோடு வந்து மண்டபத்தில் கதிரை அடுக்குவார். இருங்கோ அண்ணை என்றால், "நான் இருந்தால் ஆர் நிக்கிறது?" என்பார். மனைவி ஊரிலேயே காலமாகிவிட, மகள் ஜெசிந்தாவைத் தனியே வளர்த்தார். தலை பின்னுவதும் அவர்தான். வகிடு கோணலாகத்தான் இருக்கும். நான் திருத்திப் பின்னிவிடுகிறேன் என்று கேட்டும் அவள் விடவில்லை.

அது எண்பதுகளின் கடைசி. பெண்பிள்ளைகள் பூசை நேரம் பீடத்தில் குருவுக்கு உதவ ரோம் இன்னும் அனுமதிக்கவில்லை. ஆனாலும் எங்கள் ஐரிஷ் பங்குச்சுவாமி, காலை ஆங்கிலப் பூசையில் சிறுமிகளை நிற்கவிட்டிருந்தார். ஜெசிந்தாவும் நின்றாள். ஒரு மாதம் பின்னேரத் தமிழ்ப் பூசைக்குப் பையன்கள் வரவில்லை. அவளே வெள்ளை அங்கியுடன் வந்து மணி அடித்தாள். பிறகு தேத்தண்ணி நேரத்தில் மண்டபம் முழுக்க அதே பேச்சு. "மூப்பரின்ரை பெட்டை அடுத்த மாதம் பிரசங்கமும் வைப்பாள்" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். சுவாமியிடம் முறையிட வேண்டும் என்று முடிவாயிற்று. முறையிடுவது மூப்பரின் வேலை. தன் ஆங்கிலம் போதாது என்று உடனேயே என்னையும் கூட்டிப்போனார்.

சுவாமி பொறுமையாகக் கேட்டார். இது உங்கள் கருத்தா என்றார். அதை நான் அண்ணைக்குத் தமிழில் சொன்னேன்.

"சனத்தின்ரை கருத்து எண்டு சொல்லுங்கோ ரீச்சர்."

உங்களுடையது என்ன என்று சுவாமி மறுபடி கேட்டார். அண்ணை நிலத்தைப் பார்த்தார்.

"மூப்பருக்குத் தனிக் கருத்து இல்லை எண்டு சொல்லுங்கோ."

தமிழ்ப் பூசையில் உங்கள் விருப்பப்படி நடக்கட்டும், ஆனால் பிள்ளைக்கு நான் சொல்லமாட்டேன், நீங்களே சொல்லுங்கள் என்றார் சுவாமி. பீடத்துக்குப் பின்னறையில் வைத்து அண்ணை அன்றே மகளிடம் சொன்னார். "அதே பீடம்தானே அப்பா? காலமை ஏலும், பின்னேரம் ஏலாதோ?" என்று அவள் கேட்டாள். அங்கியைக் கழற்றி மடித்து மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அடுத்த ஞாயிறு காலைப் பூசைக்கும் அவள் வரவில்லை. பிறகு எந்தப் பூசைக்கும் வரவில்லை. பல்கலைக்கழகத்துக்குப் போனபின் வீட்டுக்கு வருவதும் நின்றுபோயிற்று. அண்ணை மட்டும் வழக்கம்போலக் கதிரை அடுக்கினார்.

அவருடைய அடக்கப் பூசையில் இரண்டு சிறுமிகள் மெழுகுதிரி பிடித்து நின்றார்கள். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. ஜெசிந்தா வந்திருந்தாள். ஆனால் வாசலுக்கு வெளியே, மழையில் நின்றாள். உள்ளே வா பிள்ளை என்று போய்க் கூப்பிட்டேன். "அப்பாவைப் பாக்கத்தான் வந்தனான் அன்ரி. கோயிலுக்கு இல்லை" என்றாள். பெட்டி வெளியே வரும்வரை அசையவில்லை.

அண்ணையிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது ஒரு கேள்வி. அவர் அதைக் கேட்டது, சில வருடங்களின் பின் ரோமின் அனுமதி வந்து, அன்று முறையிடச் சொன்னவர்களே தங்கள் பெண்பிள்ளைகளைப் பீடத்துக்குக் கூட்டிவந்த நாளில். அந்தப் பிள்ளைகளின் அங்கிக்கு இடுப்பு நாடா கட்டிவிட்டவர் அண்ணைதான். அவரைத் தேற்ற நினைத்து, என் வழக்கப்படி ஓர் உதாரணம் சொன்னேன். என் வகுப்பில் மொனிற்றராக இருந்த ஒருவன், களவாக மதிலேறிப் போன சொந்தத் தம்பியையே என்னிடம் கொண்டுவந்து நிறுத்தினான். பொறுப்பில் இருப்பவன் வேறென்ன செய்வான் என்றேன்.

அண்ணை நாடாவை முடிந்தபடியே கேட்டார். "அந்தத் தம்பி பிறகு தமையனோடை கதைச்சவனோ, ரீச்சர்?"

தெரியாது அண்ணை என்றேன். தலையை ஆட்டிவிட்டு, அடுத்த பிள்ளையைக் கிட்ட வரச் சொன்னார்.