பேனலுக்குப் போட்ட பட்டை

எங்கள் தெருவில் கரண்ட் போனால் எல்லா வீட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் "ஐயோ" என்று சத்தம் வரும். எங்கள் வீட்டிலிருந்து மட்டும் வராது. இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் திமிர் வந்துவிடுகிறது என்கிறாள் அம்மா. வரட்டும். பார்த்துப் பார்த்துச் செய்த காரியம், திமிராகத்தான் சொல்வேன்.

உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற வழியில், ஏரிக்கரையை ஒட்டியது எங்கள் ஊர். கரைமேல் இருக்கிற மரம் லேசாகத் தலையாட்டினால் போதும், கிளை கம்பியில் உரசி ஊரே அணைந்துவிடும். மற்றவர்களுக்கு அது ஒரு பேஜார், அவ்வளவுதான். எங்களுக்கு அது நைனாவின், என் அப்பாவின், மூச்சு. வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ்மில்லில் மெஷின் ஓட்டியே காலத்தைக் கழித்தவர் அவர். உமித்தூசி நெஞ்சில் போய்த் தங்கிவிட்டது. வீட்டிலேயே ஆக்சிஜன் மெஷின் வைத்துக்கொள்ளவேண்டும், அது நிற்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த மெஷின் கரண்டில் ஓடுவது. கரண்ட் போனால் நைனா வாசலில் போய் உட்கார்ந்து, தொடையில் கையை ஊன்றிக்கொண்டு காற்றை இழுத்து இழுத்துப் பார்ப்பார். "ஒண்ணுமில்லம்மா, நல்லாத்தான் கீறேன்" என்பார். உதடு நீலம் பாரித்திருக்கும். எனக்கு ஆத்திரமாக வரும். யார் மேல் என்றுதான் தெரியாது.

முதலில் ஒழித்தது வெந்நீர் அடுப்பை. பின்கட்டில் விறகு எரித்துத்தான் அவருக்கு வெந்நீர் வைப்போம். குளிக்க வைக்கிறோம் என்று புகையைக் கொடுத்துக்கொண்டிருந்தோம். மாடியில் சோலார் ஹீட்டர் வந்ததும் குழாயைத் திறந்தால் வெந்நீர். அந்த ருசி கண்ட தைரியத்தில்தான் கரண்டுக்கும் சோலார் பேனலும் பேட்டரியும் வைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். மெஷினைப் பார்த்து மிரளுகிற ஆள் இல்லை.

"அப்ப வேர்க்கடலைய எங்கடி காய வெப்பேன், உன் தலை மேலயா?" என்று அம்மா சண்டைக்கு வந்தாள். பேனலுக்கு உயரமாகக் கால் வைத்து, சுற்றி அவளுக்குப் பாதி மாடியை விட்டுக் கொடுத்தேன். நைனா வேறு மாதிரி முரண்டு பிடித்தார். "எனுக்கு ஒருத்தனுக்கு இவ்ளோ ஏற்பாடு இன்னாத்துக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஆனால் கூடத்துச் சுவரில் இன்வெர்ட்டரை மாட்டியதும் நாற்காலியை அதற்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டார். பேட்டரி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று அதன் திரையில் தெரியும். டிவி பார்ப்பதை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து வந்தது ஆயுத பூஜை. மில்லில் வருஷா வருஷம் மெஷின்களுக்கு விபூதிப் பட்டை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டுவது நைனாதான். உடம்புக்கு வந்தபிறகு அந்தப் பேச்சையே எடுக்காதவர், அந்த வருஷம் காலையிலேயே குளித்துவிட்டுத் தயாராக இருந்தார். பொரியும் பூசணிக்காயும் வாங்க நான் உத்திரமேரூர் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மூக்கில் மாட்டிய நீளக் குழாயோடு அவர் முற்றத்தில் நின்று குரல் கொடுக்க, அம்மா மாடியில் நின்று செய்திருக்கிறாள். ஒவ்வொரு பேனலுக்கும் நெற்றி நிறையப் பட்டை. நடுவில் சந்தனம், குங்குமம். நாலு மூலையிலும் ஆளுயர வாழைக்கன்று. ஹீட்டர் தொட்டிக்குக்கூட ஒரு பொட்டு. பார்க்க அம்சமாக இருந்தது. போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன்.

விடியற்காலை போன கரண்ட் அன்று வரவே இல்லை. நமக்கென்ன என்று இருந்தோம். எதிர்வீட்டு அக்கா ஊறவைத்த கடலைப்பருப்போடு வந்தாள், வடைக்கு அரைக்க. அவள் பின்னாலேயே இன்னும் நாலு பேர். வெளியே வெயில் கொளுத்துகிறது, மேலே பேனல் இருக்கிறது, அரைச்சிக்குங்க என்று நான் பெரிய மனுஷியாகச் சொல்லிவிட்டு பூசணிக்காயில் குங்குமம் தடவிக்கொண்டிருந்தேன். மிக்ஸி ஓயாமல் கத்தியது.

மிக்ஸி கொஞ்சம் நின்றபோதுதான் கவனித்தேன். கூடத்தில் எப்போதும் கேட்கிற ஆக்சிஜன் மெஷினின் உறுமல் இல்லை. ஓடினேன். நைனா நாற்காலியில் தொடையில் கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குழாய் மடியில் கிடந்தது. மெஷினை அவரே அணைத்திருந்தார்.

"இன்னா நைனா பண்ணிக்கினு கீற?"

அவர் திரையைக் காட்டினார். பேட்டரி அடிமட்டத்துக்கு வந்திருந்தது. "நல்ல வெயில்லயே... ஏறல. எறங்கிக்கினே கீது" என்று திணறித் திணறிச் சொன்னார். "நல்ல நாளு. நாலு வூட்டு ஜனம் வந்துகீது. நா ஒருத்தன் கொஞ்ச நேரம் சும்மா இருந்தா இன்னா?"

எனக்கு வந்த கோபத்தில் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. "மிக்ஸிக்கா இதெல்லாம் வெச்சேன்? வடைக்கா வெச்சேன்? உனுக்கு நைனா! நீ மூச்சு வுடணும்னுதான் வெச்சேன்!" என்று கத்தினேன். சமையலறையிலிருந்து எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். மெஷினைப் போட்டு, குழாயை அவர் மூக்கில் நானே மாட்டினேன். மிக்ஸி, ஃபிரிட்ஜ், ஃபேன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, கத்தியோடு மாடிக்கு ஓடினேன்.

பேனல் மாட்டியவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார், ஒரு மூலையில் நிழல் விழுந்தாலும் அந்த வரிசையே சோர்ந்துவிடும் என்று. நாங்கள் நாலு மூலைக்கும் வாழை இலையால் குடை பிடித்திருந்தோம். போதாததற்கு விபூதிப் போர்வை வேறு. முதல் வாழைக்கன்றை வெட்டும்போது, பின்னாலேயே ஏறிவந்த அம்மா கையைப் பிடித்தாள்.

"சாமி குத்தமாயிடும்டி."

"நைனாவுக்கு மூச்சு நின்னா சாமிக்கு நல்லா இருக்குமா?"

அம்மா கையை விட்டாள். ஈரத்துணியை எடுத்து அவளே பட்டைகளைத் துடைக்க ஆரம்பித்தாள். கடைசிப் பேனலைத் துடைத்து முடித்ததும் கீழேயிருந்து நைனாவின் குரல் வந்தது. "ஏறுது! ஏறிக்கினு கீது!" ஒரே மூச்சில், மாடி வரை கேட்கிற மாதிரி. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இனிமேல் பொட்டு பேனலுக்கு வேண்டாம், அது நிற்கிற கம்பிக் காலில் வைத்தால் போதும் என்று அன்று சாயங்காலம் நைனாவே தீர்ப்பு சொன்னார். "பெரியவங்களுக்கும் கால்லதான வுழறோம்" என்றார். அம்மாவுக்கு அது சரியென்று பட்டது.

அப்புறம் மழைக்காலத்தில் ஒருநாள், வானம் மூடிக் கிடந்த காலை வேளையில் கரண்ட் போனது. நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு அக்கா சட்னி ஜாரோடு கூடத்துக்கு வந்து கேட்பது காதில் விழுந்தது. "மாமா, ஒரு சுத்து அரைச்சிக்கினு போயிடவா?"

எப்போதும்போல் "அரைச்சிக்கம்மா" என்று சொல்லிவிடுவார், தடுக்கவேண்டும் என்று கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தேன். ஆனால் நைனா முதலில் திரையைப் பார்த்தார்.

"இரும்மா. மொதல்ல எனுக்கு. வெயில் வரட்டும், அப்பால உன் சட்னி."

அக்கா தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜாரை மடியில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, "இப்ப எவ்ளோ கீது மாமா?" என்று திரையை விசாரிக்கத் தொடங்கினாள். எங்கள் நைனா தனக்கு முதலில் வேண்டும் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. கல்லில் தோசை கருகிக்கொண்டிருந்தது. கருகட்டும் என்று விட்டுவிட்டேன்.